மியாட்டா புராணம்: நிக்குமா கண்ணு?

பதிவு போட்டு ரொம்ப நாள் ஆச்சு. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தின்னு சொன்னா டேமேஜர் நம்புவார், நீங்க நம்ப மாட்டீங்க. உண்மையான காரணம் கராஜ்ல நிக்குது. பேரு மஸ்டா மியாட்டா. 1994 மாடல், ரெண்டு சீட்டு, கூரையை மடிச்சுக்கலாம், கியரை நாமதான் மாத்தணும். என்னைவிட ரெண்டு வயசு மூத்தது. 2023-ல வாங்கினேன். அதுல இருந்து பொட்டி தட்டின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதுக்கு அடியிலதான் வாசம்.

"என்னடா இது, முப்பது வருஷத்துப் பழைய காரா? ஊர்ல இதை எடைக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கியிருப்போமே"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சின்ன முன்கதை. 1989 பிப்ரவரில சிகாகோ மோட்டார் ஷோவுல இந்தக் காரை முதல்ல காட்டினாங்க. ஆரம்பத்துல 1.6 லிட்டர் எஞ்சின். 1994-ல இருந்து 1.8 லிட்டர், 128 குதிரைத்திறன். இன்னிக்கு இருக்கற குடும்ப கார்கள்லயே இதைவிட சக்தி அதிகம். ஆனா இது ஏறக்குறைய ஒரு டன்தான். எடை கம்மியா இருந்தா டயருக்கும் பிரேக்குக்கும் வேலை கம்மி, நம்ம பர்ஸுக்கும் கொஞ்சம் வேலை கம்மி. அதனாலதான் டிராக்ல கத்துக்கறவங்க இதைத் தேடி வாங்கறாங்க.

டிராக் நாள்னா ரேஸ் இல்லை மக்களே. கோப்பை கிடையாது, நேரம் குறிக்கறது கிடையாது. நம்ம சொந்தக் காரை ரேஸ் மைதானத்துக்கு ஓட்டிட்டுப் போய், காசு கட்டி, பக்கத்துல ஒரு இன்ஸ்ட்ரக்டரை உக்கார வெச்சுக்கிட்டு, இருபது இருபது நிமிஷமா ஒழுங்கா ஓட்டக் கத்துக்கறது. ஹைவேல வேகமாப் போய் நாலு பேரைக் கொல்றதுக்கு இது ரொம்ப மேல். தங்கமணிகிட்ட நான் வெச்ச வாதம் இதுதான். தங்கமணி ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "இன்சூரன்ஸ் உண்டா?" நான் ஙேன்னு முழிச்சேன். பெரும்பாலான கார் இன்சூரன்ஸ் டிராக்ல நடக்கறதுக்குப் பொறுப்பு ஏத்துக்காது. அதுக்குன்னு ஒரு நாளைக்கு மட்டும் தனியா எடுக்கற இன்சூரன்ஸ் இருக்கு. அதை எடுத்துட்டுத்தான் வாசல் தாண்டணும்னு அன்னிக்கே தீர்ப்பு வந்துடுச்சு.

2024 ஜூன்ல அப்பா ஊர்ல இருந்து வந்தார். நாமக்கல். ஆறு மாசம் இருக்கறதாப் பேச்சு. பொதுவா இங்க வர்ற அப்பாக்கள் எல்லாம் பூங்காவுல நடப்பாங்க, டிவி பாப்பாங்க, மூணாவது வாரமே "டிக்கெட் எப்ப?"ன்னு கேப்பாங்க. எங்கப்பா பதினஞ்சு வருஷம் லாரி ஓட்டினவர், அப்புறம் இருபது வருஷம் லாரிப் பட்டறையில மெக்கானிக். ஃப்ரீமாண்ட்ல எங்க வாடகை வீட்டோட ஒத்தைக் கராஜுக்குள்ள வந்தார். காரை ஒரு சுத்து சுத்தினார். நாலு டயரையும் விரலை மடக்கித் தட்டிப் பாத்தார். லாரிக்காரங்களுக்கு அது கோயில் சுத்தற மாதிரி, கையும் காலும் தானா பண்ணும்.

"எவ்ளோ வேகம் போகும்?"னு கேப்பார்னு பதில் தயாரா வெச்சிருந்தேன்.

"நிக்குமா கண்ணு?" அவ்ளோதான் கேட்டார்.

"நிக்கும்ப்பா"ன்னு சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் எனக்கே அது தெரியாதுன்னு உறைச்சுது.

மறுநாள்ல இருந்து ரெண்டு பேருமா ஆரம்பிச்சோம். யாராவது இதே மாதிரி பழைய வண்டியோட கிளம்பற எண்ணத்துல இருந்தா உதவட்டும்னு நாங்க பண்ணதை வரிசையா எழுதறேன்.

முதல்ல தண்ணி. அதாவது கூலிங். மியாட்டாவோட ரேடியேட்டர்ல மேலயும் கீழயும் பிளாஸ்டிக் தொட்டி. புதுசுல கறுப்பா இருக்கும். சூட்டுல வெந்து வெந்து காப்பிப்பொடி நிறத்துக்கு வந்துடுச்சுன்னா எப்ப வேணா வெடிக்கும்னு அர்த்தம். எங்களது நல்ல டிகிரி காப்பி நிறம். அப்பா நகத்தால லேசா அழுத்தினார், விரிசல் ஓடுச்சு. "ரோட்ல போயிருந்தா வழியிலயே கொதிச்சிருக்கும்"னார். ரேடியேட்டர், மேல் கீழ் ஹோஸ், தெர்மோஸ்டாட், மூடி எல்லாம் புதுசு. டைமிங் பெல்ட்டை 60,000 மைலுக்கு ஒருக்கா மாத்தணும். வாட்டர் பம்ப் அதுக்குப் பின்னாடிதான் உக்காந்திருக்கு, அதனால ரெண்டையும் சேத்தே மாத்திட்டோம்.

இதுல ஒரு சுவாரசியம் இருக்கு. இந்த எஞ்சின் குடும்பம் முன்சக்கரத்துல ஓடற கார்ல குறுக்கால வெக்கறதுக்குப் பிறந்தது. மியாட்டாவுல அதையே நெடுக்கா திருப்பி வெச்சாங்க. தண்ணி உள்ள போறதும் வெளிய வர்றதும் ரெண்டுமே முன்பக்கம். அதனால கடைசியா இருக்கற நாலாவது சிலிண்டர்தான் மத்ததைவிட சூடா ஓடும். டர்போ மாட்டறவங்க தண்ணிப் பாதையையே மாத்திக்கறாங்க. சாதா எஞ்சினுக்கு நல்ல ரேடியேட்டர் போதும்னு விட்டுட்டோம். ஆனா டாஷ்போர்டுல இருக்கற டெம்பரேச்சர் முள்ளை நம்பக்கூடாது. அது நம்ம மனசு நோகக்கூடாதுன்னே செஞ்சது. ரொம்ப தூரத்துக்கு நடுவுலயே நிக்கும், நகர்றப்போ காலம் கடந்திருக்கும். அதனால டிகிரி காட்டற மாதிரி தனியா ஒரு மீட்டர் மாட்டினேன். லாக் எழுதாம புரோகிராம் ஓட்டற மாதிரிதானே மீட்டர் இல்லாம டிராக்ல ஓட்டறது!

அடுத்தது தலை. திறந்த கார் கவுந்தா தலைக்கு மேல ஒண்ணும் இல்லை. அதனால சீட்டுக்குப் பின்னாடி ரோல் பார்ங்கற இரும்பு வளைவு போட்டாத்தான் பெரும்பாலான இடத்துல உள்ளயே விடுவாங்க. போட்டா மட்டும் போதாது, துடைப்பக் கட்டை சோதனையில பாஸ் ஆகணும். ஹெல்மெட் மாட்டிக்கிட்டு சீட்ல உக்காரணும். ரோல் பார் உச்சியில இருந்து முன்கண்ணாடி உச்சிக்கு ஒரு கட்டையை வெக்கணும். கட்டை ஹெல்மெட்ல இடிக்கக் கூடாது. தங்கமணி மாப் கட்டையை உருவிட்டு வந்து ரொம்ப உற்சாகமா வெச்சுப் பாத்தாங்க. டொக். ஃபெயில். "மாமா, இவருக்குத் தலைக்கனம் ஜாஸ்தின்னு சொன்னேன்ல"ன்னு அப்பாகிட்ட ஒரு பிட்டு வேற. கடைசியில சீட்டைப் பிரிச்சு, அடியில இருந்த ஸ்பான்ஜை ரெண்டு இன்ச் செதுக்கி எடுத்தேன். பாஸ்.

ஹெல்மெட் வாங்கறப்போ ஸ்னெல் முத்திரையில எஸ்.ஏ. வகையா பாருங்க. எம் வகை மோட்டார்சைக்கிளுக்கு. எஸ்.ஏ.வுக்குத் தீப்பிடிக்கற சோதனை உண்டு, ரோல் பார்ல திரும்பத் திரும்ப மோதினா தாங்குமாங்கற சோதனையும் உண்டு. பெல்ட் விஷயத்துல நான் வீரம் காட்டல. ரேஸ்காரங்க போடற அஞ்சு பட்டை, ஆறு பட்டை பெல்ட்டை அதுக்கேத்த சீட்டும் ரோல் பாரும் இல்லாம மாட்டினா ஆபத்து. கார்ல வந்த மூணு முனை பெல்ட்டே போதும்னு இருந்துட்டேன்.

டயர். பட்டன் ஆழமா இருக்கு, புதுசு மாதிரி பளபளன்னு இருக்குன்னு வித்தவர் சொல்லியிருந்தார். அப்பா டார்ச் அடிச்சு பக்கவாட்டுல இருக்கற நாலு எண்ணைப் படிக்கச் சொன்னார். 2312. அதாவது 2012-ஆம் வருஷத்து 23-ஆவது வாரம் செஞ்சது. "பன்னெண்டு வயசு ரப்பர் கண்ணு. பாக்கத்தான் பொம்மையாட்ட இருக்கும்"னார். நாலும் குப்பைக்கு. காத்து விஷயத்துல இந்தக் காருக்கு கம்பெனிக் கணக்கு 26 பி.எஸ்.ஐ. டிராக்ல ரெண்டு சுத்து ஓடினாலே டயர் சூடாகி அழுத்தம் ஏறிடும். காலையில அளந்ததோட நிறுத்தாம, ஒவ்வொரு செஷன் முடிஞ்சு வந்ததும் அளந்து குறிச்சு வெக்கணும்.

இப்ப பிரேக். இந்தப் பதிவே இதுக்காகத்தான்.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாத்தேன். காரும் நானும் சேந்து 1,100 கிலோன்னு வெச்சுக்குங்க. மணிக்கு 160 கி.மீ. வேகத்துல இருந்து 80-க்குக் குறைக்கணும். வேகம் பாதியானா இயக்க ஆற்றல் கால் பங்காகும், மிச்சம் முக்கால் பங்கு சூடா மாறி பிரேக்குக்குள்ள போகும். கிட்டத்தட்ட எட்டு லட்சம் ஜூல். ரெண்டரை லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதி நிலைக்குக் கொண்டு வர்ற சூடு அது. ஒரே ஒரு தடவை, அஞ்சாறு செகண்ட் மிதிக்கறதுல. அடுத்த நிமிஷம் இன்னொரு வளைவு, இன்னொரு ரெண்டரை லிட்டர். இருபது நிமிஷம் இப்படியே போகும். இதை அப்பாகிட்ட பெருமையா வெளக்கினேன். "மலை இறங்கறவனுக்கு இதுக்குக் கணக்கு எதுக்கு? மோந்து பாத்தாலே தெரியும்"னுட்டார்.

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்கக் கூடாதுங்கறது விதி. ஈரம் ஏறினதுக்கு அந்த எல்லை 155 டிகிரி. ஆயில் கொதிச்சா நீராவிக் குமிழ் வரும். குமிழை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அதனால பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிடும், கார் நிக்காது. பேடு வெந்தா கதை வேற. பெடல் கல்லு மாதிரி இருக்கும், ஆனாலும் நிக்காது. ரெண்டையும் கால்லயே தரம் பிரிக்கத் தெரிஞ்சுக்கணும்.

முப்பது வருஷத்து ரப்பர் ஹோஸ் நாலையும் மாத்தினோம். சூடு தாங்கற பேடு போட்டோம். பழைய ஆயிலை எடுத்தா தேத்தண்ணி நிறம். அப்பா பெடல்ல, நான் சக்கரத்துகிட்ட. மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து தூரமா இருக்கற பின் வலது சக்கரத்துல ஆரம்பிச்சு, பின் இடது, முன் வலது, முன் இடது. "அமுக்குங்க… பிடிங்க… விடுங்க." ஒரு மணி நேரம் வேற பேச்சே இல்லை. எனக்கு விவரம் தெரிஞ்சு அப்பாவும் நானும் அவ்ளோ நேரம் சேந்து ஒரு வேலை பண்ணது அதுதான் முதல் தடவை.

பின் இடது சக்கரத்துக்கு வந்தப்போ அப்பா பழைய பேடு ரெண்டையும் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தார். உள்பக்கத்து பேடு தீந்து போய் தகடு தெரியுது, வெளிப்பக்கத்து பேடு பாதிகூடத் தேயலை. கேலிப்பர் நகர்ற பின் இறுகிப் போச்சுன்னு அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு, விடாம உரசிக்கிட்டே இருந்திருக்கு. கழட்டிப் பாத்தா பின் துருவேறிக் கிடக்கு, பிஸ்டனும் முழுசா உள்ள போக மறுக்குது. சர்வீஸ் பண்ணின கேலிப்பர் வர பத்து நாள் ஆகும்னு கடையில சொன்னாங்க.

டிராக் நாள் வர்ற ஞாயித்துக்கிழமை. ஆகஸ்ட். காசு கட்டியாச்சு, திருப்பித் தர மாட்டாங்க. லீவும் சொல்லியாச்சு.

நான் துருவைத் தேய்ச்சு எடுத்து, கிரீஸ் போட்டு, கையால ஆட்டிப் பாத்தேன். கொஞ்சம் நகர்ந்துச்சு. "இந்த ஒரு தடவைக்குத் தாங்கும்ப்பா. பின்பக்கம்தானே? பிரேக்கோட பெரும்பங்கு வேலை முன்பக்கம்தான் பண்ணுது. வந்ததும் மாத்திக்கலாம்."

அப்பா ஒண்ணும் சொல்லல. கையைத் துடைச்சுட்டு உள்ள போயிட்டார். சாப்பிடறப்பவும் பேசல. தங்கமணி "என்னாச்சு?"ன்னு கண்ணால கேட்டாங்க, நான் தோளைக் குலுக்கினேன்.

ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். கராஜ்ல லைட் எரியுது. அப்பா ஸ்டூல்ல உக்காந்திருக்கார், மடியில அந்த ரெண்டு பேடு.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2003-ல எனக்கு ஏழு வயசு. ஒரு நாள் அப்பா கையில கட்டோட வீட்டுக்கு வந்தார். அதுக்கப்புறம் லாரி ஓட்டப் போகல, பட்டறையில சேந்துட்டார். ஏன்னு நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை. எங்க வீட்ல அது அப்படியே ஒரு மூடின அறை.

"தொப்பூர் கணவாய் தெரியுமில்ல?"ன்னு ஆரம்பிச்சார். தருமபுரியில இருந்து சேலம் வர்ற வழி. லாரிக்காரங்களுக்கு அந்தப் பேரைச் சொன்னாலே போதும். "ஓசூர்ல இருந்து லோடு. கிளம்பறதுக்கு முன்னாடியே லைனிங் தேஞ்சிருந்துச்சு. ஓனரு, இன்னும் ஒரு டிரிப்பு தாங்கும்னாரு. அவரு சொன்னதுல தப்பில்ல கண்ணு, அவரா ஓட்டறாரு? நானும் பாத்தேன். நானும் தாங்கும்னுட்டேன்."

ரொம்ப நேரம் பேச்சில்லை.

"பாதி எறக்கத்துல வாடை வந்துச்சு. அப்புறம் மிதிச்சா ஒண்ணுமில்ல. கியர் கொறைக்கப் பாத்தேன், விழல. முன்னாடி ஒரு பஸ்ஸு. மலைப்பக்கமா ஒடிச்சு இடிச்சேன். எனக்குக் கை. கிளீனர் பையனுக்குக் காலு."

அந்தப் பையனுக்கு அப்ப பத்தொன்பது வயசாம். இன்னி வரைக்கும் மாசாமாசம் அப்பா அவருக்கு ஏதோ அனுப்பறார்னு அன்னிக்குத்தான் தெரியும். அம்மாவுக்குத் தெரியுமாம். எனக்குத்தான் தெரியாது.

"எஞ்சின் செத்தா வண்டி நின்னுபோகும். பிரேக்கு செத்தா வண்டி நிக்காது. மத்ததெல்லாம் உன்ர இஷ்டம் கண்ணு"ன்னு சொல்லிட்டு பேடு ரெண்டையும் மேஜை மேல வெச்சுட்டுப் படுக்கப் போயிட்டார். போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லல.

நான் ஃபோனை எடுத்து ஞாயித்துக்கிழமையை ரத்து பண்ணேன். காசு போச்சு. மறுநாள் ரெண்டு பின்பக்கத்துக்கும் சேத்தே கேலிப்பர் ஆர்டர் பண்ணேன். பொட்டி தட்டற பயலுக்கு இதுல பாடம் ஒண்ணு இருக்கு. "இந்த ரிலீஸ்ல போகட்டும், அடுத்ததுல சரி பண்ணிக்கலாம்"னு எத்தனை தடவை நான் கையெழுத்துப் போட்டிருப்பேன்! அங்க சர்வர் விழும், எழுப்பிக்கலாம். நாக்கும் கையும் அந்தப் பழக்கத்துலயே இங்கயும் "தாங்கும்"னு சொல்லிடுச்சு.

அடுத்த ரெண்டு மாசம் பொறுமையா மிச்சத்தை முடிச்சோம். காரைத் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாம நாலு பக்கமும் ஸ்டாண்டு கொடுத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாத்தோம். அப்படி ஆட்டறப்போ ஆட்டம் தெரிஞ்சா பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ. இடமும் வலமும் பிடிச்சு ஆட்டறப்போ தெரிஞ்சா ஸ்டியரிங் ராடு முனை. முன் வலது பேரிங்ல 'டிக்'னு ஒரு சத்தம். எனக்குக் கேக்கவே இல்லை, அப்பா விரல்ல உணர்ந்தார். அதையும் மாத்தினோம். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பின் ஆக்ஸில் ஆயில் எல்லாம் புதுசு. இந்தக் கார்ல பேட்டரி டிக்கிக்குள்ள இருக்கு, அதைப் பட்டை போட்டு இறுக்கினோம். ஸ்டெப்னி, மிதியடி, கதவு பாக்கெட்ல கிடந்த சில்லறை, தங்கமணியோட ஹேர்பின் எல்லாத்தையும் வெளிய எடுத்தாச்சு. பெடலுக்கு அடியில ஒரு தண்ணி பாட்டில் உருண்டா போதும், கதை முடிஞ்சுது.

அக்டோபர்ல போனோம். தண்டர்ஹில், வில்லோஸ்ங்கற ஊர்ல. எங்க வீட்ல இருந்து கிட்டத்தட்ட மூணு மணி நேரம். 1993-ல ஆரம்பிச்ச மைதானம், மூணு மைல் சுத்து, பதினஞ்சு வளைவு. சுத்தி வெறும் காஞ்ச புல்லு மேடு. காலையில டெக் பரிசோதனை. பிரேக் லைட் எரியுதா, பெடல் இறுக்கமா, சக்கரம் ஆடுதா, ஆயில் ஒழுகுதான்னு ஒருத்தர் பாத்துட்டு ஸ்டிக்கர் ஒட்டினார். அப்பா பின்னாடியே நின்னு, அவர் சரியாப் பாக்கறாரான்னு பாத்துக்கிட்டு இருந்தார்.

அப்புறம் பாடம். மஞ்சள் கொடின்னா முன்னாடி ஆபத்து, முந்தாதே. சிவப்புன்னா கட்டுப்பாடா வண்டியை நிறுத்து. கறுப்புன்னா உள்ள வா, உங்கிட்ட பேசணும். முன்னாடி போறவர் கையை வெளிய நீட்டி எந்தப் பக்கம்னு காட்டினாத்தான் முந்தலாம். அப்பாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "அட, இது நம்ம லாரிக்காரன் சிக்னலு. இதைக் கத்துக்கவா இவ்ளோ காசு கட்டினே?"ன்னு சிரிச்சார். அவர் வாய்விட்டுச் சிரிச்சு நான் பாத்து எத்தனை நாளாச்சு!

முதல் செஷன்ல இன்ஸ்ட்ரக்டர், அறுபது வயசு தாண்டின பெரியவர், பக்கத்துல உக்காந்து சொன்னதெல்லாம் ரெண்டே விஷயம். கண்ணைத் தூரத்துல வை. பிரேக்கை நேரா இருக்கறப்பவே முடிச்சுடு. நான் திகில்ல ஸ்டியரிங்கை நசுக்கிக்கிட்டு இருந்தேன். ரெண்டாவது செஷன்ல தோள் கொஞ்சம் இறங்குச்சு. மியாட்டா சொன்னதைக் கேட்டுச்சு. பதினாலாவது வளைவுக்கு முன்னாடி பிரேக்கை அழுத்தறப்போ ஒவ்வொரு தடவையும் பெடல் அதே உயரத்துல, அதே இறுக்கத்துல. அந்த உணர்வை எழுத்துல சொல்லத் தெரியல.

ஒவ்வொரு செஷன் முடிஞ்சும் கடைசி ஒரு சுத்து பிரேக் தொடாம மெதுவா வந்து சூட்டைத் தணிக்கணும். வந்து நிறுத்தினதும் ஹேண்ட்பிரேக் போடக்கூடாது, கொதிக்கற டிஸ்கை பேடு அப்படியே கவ்விக்கும். அப்பா மரக்கட்டையோட ஓடி வந்து சக்கரத்துக்கு வெச்சார். அப்புறம் டார்க் ரெஞ்சை எடுத்து நட்டு எல்லாத்தையும் சரி பாத்தார், நான் டயர் அழுத்தம் குறிச்சேன். பக்கத்துல விலை உயர்ந்த கார் வெச்சிருந்த ஒருத்தர், "இவரை வாடகைக்கு விடுவியா?"ன்னு கேட்டார்.

மத்தியான இடைவேளையில பேரேடு மாதிரி ஒரு சுத்து விட்டாங்க. ஹெல்மெட் வேண்டாம், மெதுவாத்தான் போகணும், முந்தக் கூடாது, கூட ஆள் ஏத்திக்கலாம். அப்பா தலையில துண்டைக் கட்டிக்கிட்டு ஏறி உக்காந்தார். நாப்பது மைல் வேகம். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி, நான் பிரேக்கைத் தொடறதுக்கு ஒரு நொடி முந்தி, அவரோட வலது கால் தரையை அழுத்துச்சு. நான் பாத்தேன், பாக்காத மாதிரி இருந்துட்டேன். மேட்டுல ஏறி இறங்கறப்போ ஊர் முழுக்கத் தெரிஞ்சுது.

பேடக்குக்கு வந்து நிறுத்தினேன். இறங்காம கொஞ்ச நேரம் உக்காந்திருந்தார். "நிக்குது கண்ணு"ன்னார்.

மூணாவது செஷன்ல, வெயில் ஏறின நேரம், நான் மாட்டின மீட்டர் 105 டிகிரி தாண்டி ஏற ஆரம்பிச்சுது. கம்பெனி முள்ளு நடுவுலயே சாவகாசமா நின்னுச்சு. ஹீட்டரை முழுசாத் திறந்துவிட்டு, வேகத்தைக் குறைச்சு, கையைத் தூக்கிக் காட்டி உள்ள வந்துட்டேன். காரணம், ரேடியேட்டருக்கு அடியில இருக்க வேண்டிய பிளாஸ்டிக் தட்டு இல்லை. அது இருந்தாத்தான் முன்னாடி வர்ற காத்து ரேடியேட்டர் வழியாப் போகும், இல்லேன்னா சுத்திக்கிட்டு அடியால ஓடிடும். பழைய ஓனர்கள்ல யாரோ கழட்டித் தூக்கிப் போட்டிருக்கணும். அவ்ளோ பாத்த எங்க ரெண்டு பேர் கண்ணுலயும் இல்லாத ஒண்ணு படல. இருக்கறதைப் பாக்கறது சுலபம், இல்லாததைப் பாக்கறது கஷ்டம்.

சூடு ஆறினப்புறம் நாலாவது செஷன் போயிருக்கலாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்துடும், "தாங்கும்"னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அப்பா என்னைப் பாக்கவே இல்லை, டயரைத் தட்டிக்கிட்டு இருந்தார். நான் நம்பர் ஸ்டிக்கரை உரிச்சேன்.

திரும்பி வர்ற வழியில கூரையைத் திறந்து போட்டு வலதுபக்க லேன்ல மெதுவா வந்தோம். மீட்டர் சமர்த்தா 90-லயே நின்னுச்சு. அப்பா தூங்கிட்டார். நான் வண்டி ஓட்டறப்போ அவர் தூங்கி அன்னிக்குத்தான் பாத்தேன்.

அப்பா டிசம்பர்ல ஊருக்குப் போயிட்டார். போறதுக்கு முன்னாடி அந்தத் தேஞ்ச பேடு ஒண்ணைத் துடைச்சு என் பொட்டிக்குப் பக்கத்துல பேப்பர் வெயிட்டா வெச்சுட்டுப் போனார். இப்பவும் அங்கதான் இருக்கு. ரிலீஸ் அன்னிக்கு யாராவது "இந்த ஒரு தடவை"ன்னு ஆரம்பிச்சா கை தானா அதுமேல போகுது.

டிஸ்கி: அடித்தட்டு வாங்கி மாட்டியாச்சு. அடுத்தது கோடையில. பழைய வண்டி வெச்சிருக்கறவங்க, உங்க வண்டியில நீங்க "தாங்கும்"னு தள்ளிப் போட்டது என்னன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்ட மாட்டேன், எனக்கு அந்தத் தகுதி இல்லை.